பெரிய டயல் யாருடைய கண்ணுக்கு?

புதுச்சேரி கதிர்காமத்தில் எனக்குத் தெரிந்த இளைஞர்கள் சிலருக்கு வாட்ச் சேர்க்கும் ஆசை பிடித்திருக்கிறது. சம்பளம் கைக்கு வந்து, வீட்டுக் கடன்கள் ஓரளவு தீர்ந்த பிறகு வரும் ஆசை. பாரிசிலிருந்து விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர்களின் கையைப் பார்த்துப் பிடித்த ஆசையாகவும் இருக்கலாம். புதுச்சேரியில் அப்படிப்பட்ட வீடுகளுக்குக் குறைவில்லை. யாரிடம் பேசினாலும் மனம் முதலில் ஓடுவது 44, 46, 47 மில்லிமீட்டர் வாட்சுகளிடம்தான். பனெராய், ஹூப்லோ, ஐடபிள்யூசியின் பெரிய பைலட், ஓடெமார் பிகேயின் ஆஃப்ஷோர் என்று பெயர்கள் அடிபடுகின்றன. வீட்டுப் பெரியவர்கள் இதைப் பந்தா என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆசைப்படுகிறவர்கள் ரசனை என்கிறார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. பெரிய வாட்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பொறியியல் காரணம் இருக்கிறது. நம் ஊருக்கே உரிய காரணங்களும் சில இருக்கின்றன. பல லட்சம் ரூபாய் கேட்கும் ஒரு பொருளை இவற்றையெல்லாம் எடைபோட்ட பிறகுதான் கொள்ளவோ தள்ளவோ வேண்டும்.

முதலில் அளவு. பெரியது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? 1932-இல் பதேக் பிலிப் கொண்டுவந்த கலட்ராவா ஏறக்குறைய 31 மி.மீ. அன்று ஆண்கள் கட்டிய, விலை உயர்ந்த, குறையில்லாத வாட்ச் அது. 1945-இல் வந்த ரோலக்ஸ் டேட்ஜஸ்ட் 36. நம் அப்பாக்கள் நாள்தோறும் சாவி கொடுத்துக் கட்டிய எச்.எம்.டி. ஜனதா 35 மி.மீ. அளவுதான். ஜெரால்டு ஜென்டா வரைந்து ஓடெமார் பிகே 1972-இல் வெளியிட்ட ராயல் ஓக்கின் அளவு 39. அதற்கே 'ஜம்போ' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இன்று அதே 39-ஐக் கடையில் காட்டினால் 'சின்னதா இருக்கே' என்று ஒதுக்குகிறார்கள். கண் பழகுவதைப் பொறுத்து அளவின் பொருள் மாறுகிறது என்பதை இந்த ஒரு வாட்சே காட்டிவிடும். இதில் நாம் கவனிக்கத் தவறுவது பரப்பளவை. 36-க்கும் 44-க்கும் வித்தியாசம் எட்டே மில்லிமீட்டர் என்று காதில் விழுகிறது. ஆனால் வட்டத்தின் பரப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. மணிக்கட்டு உணர்வதும் எதிரில் இருப்பவர் பார்ப்பதும் அந்தப் பரப்பைத்தான்.

இவ்வளவு பெரிய வாட்ச் எங்கே பிறந்தது? போர்க்களத்தில். 1940-இல் ஐடபிள்யூசி ஜெர்மன் விமானப் படைக்குச் செய்து கொடுத்த வாட்ச் 55 மி.மீ. விட்டமும் 183 கிராம் எடையும் கொண்டது. அதை வெறுங்கையில் கட்டவில்லை. தடித்த பறக்கும் அங்கியின் கைக்கு மேல் நீண்ட வாரால் கட்டினார்கள். உள்ளே இருந்தது சட்டைப்பைக் கடிகாரத்தின் பெரிய மெஷின். குளிரில், அதிர்வில், மங்கிய வெளிச்சத்தில் திசையும் நேரமும் கணக்கிட வேண்டிய ஒருவர் கையுறையைக் கழற்றாமலே திருக வேண்டும் என்பதற்காகச் சாவியும் பெரிதாக இருந்தது. பனெராயின் கதையும் இதே வழிதான். ஃபிளாரன்ஸ் நகரத்தைச் சேர்ந்த அந்த நிறுவனம் இத்தாலியக் கடற்படைக்காக 1936-இல் செய்து பார்த்த ரேடியோமிர் 47 மி.மீ. கேஸும் மெஷினும் ரோலக்ஸிடமிருந்து வந்தன. இரவில், கலங்கிய துறைமுக நீருக்கடியில், வெடிகுண்டோடு போகும் முக்குளிப்பவருக்கு டயலில் எண் தெரிய வேண்டும். அந்தப் பெரிய வட்டமும், இருட்டில் ஒளிரும் தடித்த எண்களும் அவர் ஒருவரின் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. வேறு யாருக்கும் அந்த வாட்ச் தெரிந்தால் அவர் உயிருக்கே ஆபத்து.

என் தீர்ப்பு முழுதும் இந்த இடத்தில்தான் ஊன்றி நிற்கிறது. பிறந்த காலத்தில் பெரிய வாட்ச் கட்டியவரின் கண்ணுக்கு வேலை செய்தது. பிற்பாடு அது திசை மாறியது.

அந்த மாற்றத்தைத் தேதி போட்டே சொல்லலாம். 1993-இல் பனெராய் முதல்முறையாகப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. நடிகர் சில்வெஸ்டர் ஸ்டலோன் அதைக் கையில் கட்டிப் பிரபலப்படுத்தினார். 1997-இல் வாந்தோம் குழுமம், அதாவது இன்றைய ரிஷ்மோன், நிறுவனத்தை வாங்கியது. அதே 1993-இல்தான் ராயல் ஓக் ஆஃப்ஷோர் 42 மி.மீ. அளவில் வந்தது. அன்று அதற்கு 'மிருகம்' என்று பெயர். 2002-இல் ஐடபிள்யூசியின் பெரிய பைலட் 46.2 மி.மீ. அளவில் மறுபிறவி எடுத்தது. 2005-இல் ஜான் கிளோத் பிவேர் தலைமையில் ஹூப்லோ பிக் பேங் 44 மி.மீ. அளவில் இறங்கியது. ஆண்டுக்கு ஆண்டு கேஸ் பெரிதானது. ஆனால் அதைக் கட்டியவர்களில் யாரும் விமானத்தில் திசை கணக்கிடவில்லை. துறைமுகத்தில் குண்டு வைக்கவில்லை.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் 2022 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். அப்போது தமிழக பாஜக தலைவராக இருந்த கே. அண்ணாமலை கட்டியிருந்த பெல் அண்ட் ராஸ் ரஃபேல் வாட்ச் பற்றித் தமிழ்நாடு முழுவதும் பேச்சு. உலகத்தில் 500 மட்டுமே செய்யப்பட்டது. விலை என்ன, பில் எங்கே என்று கேள்விகள் எழுந்தன. 2023 ஏப்ரலில் அவர் பில்லை வெளியிட்டார். அந்த அரசியல் விவாதத்துக்குள் நான் போகவில்லை. டீக்கடையில்கூட ஒரு சொகுசு வாட்ச் மாடலின் பெயர் புழங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். வாட்ச் ரசிகராக என் கண்ணில் பட்டது அதன் அளவு. பெயருக்கு 42 மி.மீ. ஆனால் சதுரம். 42 மி.மீ. சதுரத்தின் பரப்பை வட்டமாக்கினால் விட்டம் ஏறக்குறைய 47 வருகிறது. மூலைகள் சற்று வளைந்திருப்பதைக் கழித்தாலும், பனெராயின் போர்க்கால அளவுக்கு அது நெருங்கிவிடுகிறது. மேடையில் மைக் பிடித்த கையில் அது தொலைக்காட்சித் திரை வரை தெரிந்ததில் ஆச்சரியமில்லை. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2016-இல், கர்நாடக முதல்வர் சித்தராமையாவின் கையில் இருந்த வைரம் பதித்த ஹூப்லோ பெரும் விவாதமானது. அந்த மார்ச் மாதம் அவர் அதை அரசிடமே ஒப்படைத்தார். இரண்டு மாநிலம், இரண்டு கட்சி. இரண்டு இடத்திலும் வாட்ச் பேசுபொருளானதற்கு விலை பெரிய காரணம். தூரத்திலிருந்தே கண்ணில் படும் அதன் உருவமும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

பார்க்கப்படுவதற்கென்றே ஒரு பொருளை வாங்குவது தவறா? இல்லை. நகை முழுவதும் அதற்குத்தானே. நம் ஊரில் இந்த ஆசைக்கு ஆழமான வேர் உண்டு, அதை இகழ்ச்சியாக நான் பார்க்கவில்லை. நாம் தங்கத்தால் பழக்கப்பட்டவர்கள். கையில் வாங்கினால் கனக்க வேண்டும். கனத்தால் கெட்டி, கெட்டியென்றால் மதிப்பு. காப்பும் மைனர் செயினும் வாங்கி வளர்ந்த கைக்கு 200 கிராம் வாட்சைக் கொடுத்தால் அது உடனே நம்புகிறது. கல்யாணத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மோதிரம், செயினோடு வாட்சும் போடுகிறார்கள். போட்டோவிலும் வீடியோவிலும் அது தெரிய வேண்டும் என்று அவர்கள் நினைப்பது இயல்பு. வழுதாவூர் சாலையில் எந்தப் பிறந்தநாள் பேனரையும் பாருங்கள்: கைகட்டி நிற்கும் படத்தில் முகத்துக்கு அடுத்தபடி தெரிவது மணிக்கட்டு. 36 மி.மீ. அங்கே காணாமல் போகும்.

ஆனால் தங்கத்துக்குச் சரியான அளவுகோல் வாட்சுக்குச் சரிவராது. தங்கம் கிராம் கணக்கில் விலை போகிறது. கனம் கூடினால் விலையும் கூடும், விற்றாலும் அந்தக் கனத்துக்குக் காசு வரும். வாட்ச் கேஸில் கூடுதலாக ஐம்பது கிராம் ஸ்டீல் இருந்தால் அந்த ஸ்டீலின் விலை சொற்பம். நீங்கள் கொடுக்கும் லட்சங்கள் மெஷினின் நுணுக்கத்துக்கும், கையால் தீட்டிய விளிம்புக்கும், பெயருக்கும் போகின்றன. இவற்றில் எதுவும் விட்டத்தோடு சேர்ந்து வளர்வதில்லை. புதிதாகச் சேர்ப்பவர் முதலில் உதற வேண்டியது கனத்தை மதிப்பாக எண்ணும் இந்தப் பழக்கத்தை.

நேரு வீதிப் பக்கம் ஒரு பழைய ரிப்பேர் கடையில், கண்ணில் லூப்பைப் பொருத்தியபடி ஒரு பெரியவர் 46 மி.மீ. பேஷன் வாட்ச் ஒன்றின் பின்மூடியைத் திருகித் திறந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உள்ளே முதலில் தெரிந்தது மெஷின் அல்ல, அகலமான வெள்ளை பிளாஸ்டிக் வளையம். அதன் நடுவில், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறியதாக ஒரு மெஷின். "மெஷின் இவ்வளவுதான் தம்பி, மீதி எல்லாம் கூடு," என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான், இந்தத் துறையின் பெரிய உண்மை.

சொகுசு வாட்சுகளுக்கும் இது பொருந்தும், பிளாஸ்டிக் வளையத்துக்குப் பதில் உலோக வளையம் இருக்கும், அவ்வளவுதான். சுவிஸ் வாட்சுகள் பலவற்றில் ஓடும் ஈடிஏ 2892 மெஷினின் விட்டம் 25.6 மி.மீ. அது 36 மி.மீ. கேஸில் சுகமாக உட்காரும். 2005-இல் பெல் அண்ட் ராஸ் கொண்டுவந்த பிஆர் 01 வரிசையின் 46 மி.மீ. சதுரக் கேஸில் அதே மெஷினைத்தான் வைத்தார்கள். மாறாக, பனெராயின் 44 மி.மீ. லூமினோரில் பல ஆண்டுகள் ஓடியது ஈடிஏ 6497. அது சட்டைப்பைக் கடிகார மெஷின்; விட்டம் 36.6 மி.மீ. அங்கே கேஸ் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். இரண்டும் பெரிய வாட்ச்தான். ஒன்றில் மெஷின் அளவைக் கேட்டது. மற்றொன்றில் உருவம் கேட்டது. பெல் அண்ட் ராஸுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: விமானத்தின் முகப்புப் பலகையில் இருக்கும் கடிகாரத்தை அப்படியே கழற்றிக் கையில் வைத்தது போல் செய்வதுதான் அவர்கள் நோக்கம். அந்த உருவம் தெளிவாக நிறைவேறியிருக்கிறது. ஓவியமாக அதை நான் மதிக்கிறேன். பொறியியலாகச் சொன்னால், அந்த அளவுக்குத் தேவை இல்லை.

திறக்காமலே இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. தேதி காட்டும் சிறு ஜன்னலைப் பாருங்கள். மெஷின் கேஸுக்குப் பொருத்தமானதாக இருந்தால் ஜன்னல் டயலின் விளிம்பை ஒட்டி நிற்கும். மெஷின் சின்னதாக இருந்தால் ஜன்னல் நடுமுள்ளை நோக்கி உள்ளே நகர்ந்து, பக்கத்து எண்ணை விழுங்கி நிற்கும். ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள குரோனோகிராப் என்றால் உள்ளே இருக்கும் சிறு டயல்கள் ஒன்றையொன்று நெருங்கி நடுவில் கூடிவிடும். ஒருமுறை கண் பிடித்துவிட்டால் எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் இதைக் கண்டுகொள்ளலாம்.

பெரிய அளவுக்கு நியாயமான தேவை உள்ள இடங்களும் உண்டு. ரோலக்ஸ் 2008-இல் கொண்டுவந்த டீப்சீ 44 மி.மீ., 3,900 மீட்டர் ஆழம் தாங்கும். 2022-இல் வந்த டீப்சீ சேலஞ்ச் 50 மி.மீ.; 11,000 மீட்டர் தாங்கும். அவ்வளவு அழுத்தத்துக்குக் கண்ணாடியும் கேஸும் தடிக்காமல் முடியாது. பொறியியலாக இவற்றில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் புதுச்சேரிக் கடலில் பொழுதுபோக்காக முக்குளிக்கிறவருக்கு உலகம் முழுவதும் வகுத்திருக்கும் எல்லை 40 மீட்டர். 40 மி.மீ. சப்மரீனரே 300 மீட்டர் தாங்கியது. டீப்சீயின் திறமையை யாரும் பயன்படுத்தப் போவதில்லை. அதன் தடிமனை மட்டும் தினமும் சுமப்பார்கள்.

கண் பார்வை பற்றிய வாதம் இதைவிட வலுவானது. வெள்ளெழுத்து வந்தவர்களுக்குப் பெரிய டயல் உதவும் என்பார்கள், உண்மைதான். ஆனாலும் எளிதாகப் படிக்க முடிவதற்கு விட்டத்தைவிட முக்கியம் டயலின் கறுப்பும் எண்களின் வெள்ளையும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது. எச்.எம்.டி. பைலட்டின் சிறிய கறுப்பு டயலில் வெள்ளை எண்களைக் கண்ணாடி போடாமலே படித்துவிடலாம். நடுவில் எலும்புக்கூடு போல மெஷினைத் திறந்து காட்டும் சில 45 மி.மீ. சொகுசு வாட்சுகளில் முள் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. டயல் பெரிதாகி, படிப்பது கடினமாகும் வாட்ச் கட்டியவருக்காகச் செய்யப்பட்டதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்தது கை. கடையில் எல்லோரும் விட்டத்தைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது மேல் காதிலிருந்து கீழ்க் காது வரை உள்ள நீளம், அதாவது வார் மாட்டும் முனைகளுக்கு இடையிலான தூரம். என் மணிக்கட்டின் மேல்பக்கம் தட்டையாக இருப்பது ஐந்து சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். 44 மி.மீ. வாட்சுகள் பலவற்றில் இந்த நீளமே 50-ஐத் தாண்டுகிறது. காது மணிக்கட்டைத் தாண்டி வெளியே தொங்கினால் அந்த வாட்ச் கைக்கு உட்காரவில்லை என்று பொருள், விலை எத்தனை லட்சமானாலும். ஸ்கூட்டரில் கதிர்காமத்திலிருந்து ராஜீவ் காந்தி சிலை வரை போய்ப் பாருங்கள். சிக்னலுக்குச் சிக்னல் பிரேக் பிடிக்க மணிக்கட்டை மடக்கும்போதெல்லாம் பெரிய சாவி புறங்கையில் குத்தும். மே மாதத்துக் கடற்காற்றின் புழுக்கத்தில் கனமான கேஸுக்கு அடியில் வியர்வை தேங்கும். பாரிசில் கோட்டுக் கைக்குள் இருந்த வாட்ச் இங்கே அரைக்கைச் சட்டைக்கு வெளியே வெயிலில் நிற்கிறது. அங்கே பிடித்தது இங்கே பிடிக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு பக்கம், சின்னதாகச் செய்வதுதான் கடினம் என்பதற்குச் சான்று தேடி ஜெனீவாவுக்குப் போக வேண்டாம், ஓசூருக்குப் போனால் போதும். டாடாவும் தமிழ்நாட்டின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், 2002-இல் எட்ஜ் என்ற வாட்சைக் கொண்டுவந்தது. குவார்ட்ஸ் மெஷினின் தடிமன் 1.15 மி.மீ.; முழு வாட்சும் 3.5 மி.மீ.தான். அதோடு தண்ணீர் புகாது. பேட்டரி, பல்சக்கரம், முள், கண்ணாடி எல்லாம் அந்த 3.5-க்குள் அடங்க வேண்டும். கேஸைப் பெரிதாக்குவது கடைசல் இயந்திரத்தின் வேலை. இப்படிக் குறைப்பதற்கு ஆண்டுக்கணக்கில் மூளை வேலை வேண்டும். நம் மண்ணில் நடந்த இந்தச் சாதனையைப் புதிதாகச் சேர்ப்பவர்கள் பேசுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம். கட்டியவருக்கு மட்டும் தெரியும் திறமை அது, பேனரில் தெரியாது.

சந்தையும் திரும்பிக்கொண்டிருக்கிறது. ரோலக்ஸ் எக்ஸ்புளோரரை 2010-இல் 39 ஆக்கியது. 2021-இல் மறுபடி 36-க்கே வந்தது. 2023-இல் 40-உம் கூடவே சேர்ந்தாலும், 36 கைவிடப்படவில்லை. ஐடபிள்யூசி பெரிய பைலட்டையே 2021-இல் 43 அளவிலும் கொண்டுவந்தது. 2005-ஐச் சுற்றிய வேட்கையில் செய்த 47-களும் 48-களும் இன்று ஒரு காலத்தின் முத்திரையோடு நிற்கின்றன. மோஸ்தர் மாறியதால் மட்டும் ஒரு பொருள் தாழ்ந்துவிடாது என்பதும் சரிதான். ஆனால் பணம் போடும் புதியவர் எந்த அலையில் ஏறுகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய வாட்சுக்கு ஆதரவாக என்னால் சொல்ல முடிந்த மிக வலுவான வாதத்தைக் கடைசியில் வைக்கிறேன். அது பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது. 6497-ஐப் பின்பக்கக் கண்ணாடி வழியே பார்க்கும் புதியவருக்குப் பேலன்ஸ் சக்கரம் மூச்சு வாங்குவதும், பல்லில் பல் ஏறுவதும் லூப் இல்லாமலே தெரிகிறது. 25 மி.மீ. மெஷினில் அதைப் பார்க்கக் கண் பழகியிருக்க வேண்டும். பலருக்கு வாட்ச் மீது காதல் பிறந்தது இப்படித்தான், அந்தக் காதலை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தப் பாடத்துக்கு லட்சங்கள் தேவையில்லை. அதே மெஷின் ஓடும் வாட்சுகள் அந்த விலையில் சிறு பங்குக்கே கிடைக்கின்றன.

ஆகவே என் தீர்ப்பு இது. மெஷினோ, ஆழமோ, இருட்டில் படிக்கும் தேவையோ கேட்ட பெரிய அளவு நியாயமானது: பழைய ரேடியோமிர், 6497 ஓடும் லூமினோர், டீப்சீ. சிறு மெஷினைச் சுற்றி வளர்த்த கூட்டை, எந்தப் பெயர் போட்டிருந்தாலும், நகை என்று சொல்லி நகைக்கு உரிய கணக்கில் வாங்குங்கள். வாட்ச் என்று சொல்லி வாங்காதீர்கள். உங்கள் முதல் சொகுசு வாட்ச் 44-க்கு மேல் இருக்க வேண்டாம். 36-க்கும் 40-க்கும் இடையில் ஒன்றை எடுத்து, ஒரு கோடைக்காலம் முழுக்கக் கட்டுங்கள். அதன் பிறகும் பெரியது வேண்டும் என்று மனம் கேட்டால், ஸ்கேலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். காதுக்குக் காது அளந்து, பின்மூடியைக் காட்டச் சொல்லி, தேதி ஜன்னல் எங்கே நிற்கிறது என்று பார்த்து வாங்குங்கள். அவசரமும் இல்லை: சுவிட்சர்லாந்து உள்ளிட்ட எஃப்டா கூட்டமைப்பு நாடுகளோடு இந்தியா செய்த வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, சுவிஸ் வாட்சுகள் மீதான சுங்கவரி அதன்படி ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.